லென்ஸ் மூன்றும் என்னிடம்தான் இருக்கின்றன

உ

மட்டாஞ்சேரி,
12.8.2007

அன்புள்ள தம்பி இசக்கிமுத்துவுக்கு,

அக்கா முப்பிடாதி எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் சௌக்கியம். அங்கே வெயிலும் நீயும் எப்படி என்று எழுது. கேம்பில் கட்டிலுக்கு அடியில் தேள் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தென்காசியிலிருந்து நடந்தே சவுதிக்கு வந்துவிடுவாள். காலுறையை உதறிப் போட்டுக்கொள்.

வீட்டு போன் கெட்டுக் கிடக்கிறது. உன் பாலைவனத்திலும் டவர் கிடையாது. அதனால் கடிதமே நமக்குப் போதும். போன் பேசி முடித்ததும் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் இன்னொரு தடவை எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

விஷயம் கேமராதான். நீ சவுதிக்குப் புறப்பட்ட வருடம் உன் அத்தான் எர்ணாகுளத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கிய டிஜிட்டல் கேமரா ஞாபகம் இருக்கிறதா? அதற்கு வயதாகிவிட்டது. மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவினதுபோல வருகிறது. இருபது படத்துக்கு ஒருமுறை பாட்டரி படுத்துக்கொள்கிறது. போதாததற்கு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. போன வாரம் அது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மூக்குத்தியாக உட்கார்ந்துவிட்டது. அவளுடைய அம்மா, "நாங்க வெள்ளைக் கல்லுதானே போட்டோம்" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள்.

ஆனால் லென்ஸ் மூன்றும் புதுசு மாதிரி இருக்கின்றன. எங்கள் கல்யாணம் ஆன புதிதில், ஃபிலிம் கேமராவுக்கு வாங்கியவை. இந்த ஊர்க் காற்றுக்குக் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும். ஒன்பது வருடமாக டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றி மாற்றிப் போட்டு நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அதனால் லென்ஸ் வேண்டாம், பாடி மட்டும் போதும். அதே கம்பெனி, பழைய லென்ஸ் உட்கார வேண்டும். அங்கே விலை குறைவு என்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்று என்று கடைக்காரன் சொல்வான், அவன் பேச்சைக் கேட்காதே.

உன் அத்தான்தான் எழுதச் சொன்னார். அவர் வெளியே போயிருக்கிறார், அதனால் நானே எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
முப்பிடாதி

*

கேம்ப்,
7.9.2007

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தேளும் நானும் நலம். உங்கள் இரண்டு பேருடைய நலத்துக்கும் இங்கிருந்தே ஒரு கும்பிடு.

கேமரா என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தமாம் போகும்போது விசாரிக்கிறேன். அதற்கு நீ கடன், திருப்பித் தருகிறேன் என்றெல்லாம் எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். ஏன் என்றால் அந்தக் கேமராவுக்கு முதல் வேலை என் கல்யாணம்.

ஆமாம் அக்கா! அம்மா இன்னும் சொல்லவில்லையா? கடையத்தில் செல்லதுரை என்று ஒருவர், அவர் மகள் சங்கரி. தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. தமாம் போனபோது அங்கிருந்து போனில் இரண்டு தடவை பேசினேன். முதல் தடவை ஐந்து நிமிடமும் நானே பேசினேன். இரண்டாம் தடவை நான் வாயே திறக்கவில்லை. வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

செல்லதுரை மாமா முறை தவறாதவர். நம் வகையறா வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் கூடப்பிறந்த அக்கா. அவள் முடிச்சுப் போடும்போது அவள் புருஷன் இடது பக்கத்தில் தாம்பாளம் ஏந்தி நிற்க வேண்டும். "அக்காளும் அத்தானும் ஜோடியா நிக்கணும் மாப்ள, அதுதான் பொண்ணுக்கு ராசி" என்று இப்போதே சொல்லிவிட்டார். படம் எடுப்பதும் அத்தான்தான். ஒரு கையில் தாம்பாளம், ஒரு கையில் கேமரா. எப்படிச் சமாளிப்பாரோ!

அத்தானை இரண்டு வரி எழுதச் சொல். மூன்று கடிதமாக அவர் கையெழுத்தையே காணவில்லை.

அன்புத் தம்பி,
இசக்கிமுத்து

*

(எழுதி, தபாலில் சேர்க்காமல் லென்ஸ் டப்பாவின் அடியில் வைத்தது)

மட்டாஞ்சேரி,
26.9.2007

தம்பி,

இதில் நலம் விசாரிக்கவில்லை, கோபிக்காதே.

உன் அத்தான் வீட்டில் இல்லை. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை போனவர்தான். எங்கோ தூர தேசத்துக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. இடப்பள்ளியில் இருக்கிறார். இங்கிருந்து இரண்டு பஸ். ஆல்பம் டிசைன் செய்கிற விஜி என்று ஒரு பெண், அவளோடு சேர்ந்து அங்கே ஸ்டூடியோ போட்டிருக்கிறார். சண்டையெல்லாம் இல்லை. "உனக்கு ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் மனசு ஒட்டல" என்றார். அப்படிச் சொன்னால் நான் எதைத் திருத்திக்கொள்வது?

புதுக் கேமரா வாங்கிக்கொண்டு போனார். வேறு கம்பெனி. பழைய லென்ஸ் ஒன்றும் அதில் உட்காராது. அதனால் மூன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு, பழைய பாடியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். எல்லாவற்றையும் மாற்றிவிடத் துணிந்தவருக்கு எதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை பார்.

பிறகு, போனில் வருகிற வேலைகளுக்கு நான் போக ஆரம்பித்தேன். ஆமாம், போன் கெடவில்லை. உன்னிடமும் அம்மாவிடமும் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அப்படிச் சொன்னேன். ஒன்பது வருடம் அவருக்குக் குடை லைட் பிடித்தவள் நான். அவர் உள்ளங்கையை மேலே காட்டினால் உயர்த்துவேன், கீழே காட்டினால் இறக்குவேன். முதல் தடவை தனியாகப் போனபோது லைட் பிடிக்க ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் கட்டினேன். படம் எடுக்கிற நேரமெல்லாம் என் இடது கை தானாக உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பக்கத்து வீட்டு அம்பிளி தினமும் உன் அத்தானைக் கேட்கிறாள்: "சேச்சி, சேட்டனெக் கண்டு ரொம்ப நாளாச்சே, எவிட?" நானும் தினமும் ஒரு ஊர் சொல்கிறேன். ஆலப்புழை, திருச்சூர், கோட்டயம். கேரளத்தில் இனிமேல் ஊர் பாக்கி இல்லை.

எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது, தம்பி. சொல்லிவிட்டால் பாரம் குறையும். ஆனால் சொன்னால் செல்லதுரை காதுக்குப் போகும். ஜோடியாக நிற்க வேண்டும் என்கிறவர், வாழாவெட்டி அக்காளை உடைய வீட்டில் பெண் கொடுப்பாரா? என் வீடு போனது போதும். உன் வீடு அமைகிற நேரத்தில் நான் குறுக்கே விழக் கூடாது.

வைகாசி வரைக்கும் வாய் திறக்க மாட்டேன்.

*

உ

மட்டாஞ்சேரி,
30.9.2007

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். சங்கரி விஷயம் கேட்டு வாயெல்லாம் பல்லாக இருக்கிறேன். ஐந்து நிமிடம் தொடர்ந்து நீ பேசினாயா? அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம், உடனே முடித்துவிடு.

உன் அத்தானுக்கும் ரொம்ப சந்தோஷம். வேலை நெருக்கடியில் பேனா பிடிக்க நேரமில்லை. தாம்பாளம், கேமரா எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். தண்ணீர் நிறையக் குடி.

அக்கா,
முப்பிடாதி

*

கேம்ப்,
16.11.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கறுத்து, மெலிந்து, ஆனாலும் ஆரோக்கியமாக இருக்கிறேன். உங்கள் சௌக்கியம் எப்படி? போன கடிதம் தந்தி மாதிரி இருந்ததே. என்மேல் ஏதாவது வருத்தமா?

கேமரா வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு சிஜு கொண்டுவருகிறான். பள்ளுருத்திக்காரன், என் அறைத்தோழன். அவன் வீட்டிலும் நம்மைப்போலத் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்தால் கோலம் என்பான், மலையாளம்தான் வாசிப்பான். நல்ல பையன், ஒரு சாயா போட்டுக் கொடு.

கடையில் தலைகீழாக நின்று விசாரித்தேன். "பழைய லென்ஸ் உட்காருமா?" என்று மூன்று தடவை கேட்டேன். உட்காரும் என்றான் மூன்று தடவையும். அவன் கையில் கிடந்த ஒரு பழைய லென்ஸை மாட்டியே காட்டினான். சின்னதாக, எடை இல்லாமல் இருக்கிறது. அத்தானுடைய பெரிய கைக்குப் போதுமா தெரியவில்லை.

எனக்கும் ஒரு நல்ல செய்தி. இதுவரை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவனை இப்போது லெவல் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். குழாய் போகிற வழியில் மேடு பள்ளம் அளக்கிற வேலை. ராத்திரி கண்ணை மூடினாலும் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது.

புதுக் கேமராவில் எடுத்த படம் நாலு அனுப்பச் சொல் அத்தானை.

தம்பி,
இசக்கி

*

உ

மட்டாஞ்சேரி,
23.12.2007

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மழை ஓய்ந்துவிட்டது, இருமலும் நின்றுவிட்டது, நலமே. உன் கண்ணைப் பார்த்துக்கொள். இத்தனை நாள் சும்மா கிடந்த கண், திடீரென்று வேலை கொடுத்தால் வலிக்கும்.

சிஜு வந்தான். சாயாவும் பழம்பொரியும் கொடுத்தேன். கேமரா கைக்கு அடக்கமாக, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனாலும் நீ கேட்பாய் என்பதால் சொல்கிறேன். லென்ஸ் உட்கார்ந்தது. ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறது.

எர்ணாகுளத்தில் கடையில் போய்க் கேட்டேன். நம் பழைய லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. அதைத் திருப்பி ஃபோகஸ் பண்ணுகிற மோட்டார் பழைய பாடிக்குள் இருந்தது. இந்தப் புது பாடியைச் சின்னதாகச் செய்ய அதை எடுத்துவிட்டார்களாம். புது லென்ஸ் வாங்கினால் தானே ஃபோகஸ் ஆகும், பழையதென்றால் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். நீ உட்காருமா என்று கேட்டாய், அவன் உட்காரும் என்றான். இரண்டு பேர்மேலும் குற்றமில்லை. பெண் பார்க்கப் போய் நிறத்தைக் கேட்டுவிட்டுப் பேச்சு வருமா என்று கேட்காமல் வந்த கதைதான்.

வருத்தப்படாதே. கையால் திருப்பினால் என்ன? ஆள் தெளிந்ததும் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. பழக வேண்டும், அவ்வளவுதான். பஜார் ரோட்டில் மேய்கிற ஆடுகள்மேல் பழகினேன். பழகினார் உன் அத்தான். ஒன்றும் நிற்பதில்லை. அரிசிக் கிட்டங்கி வாசலில் படுத்திருந்த ஒரு கிழட்டு ஆடு மட்டும் தயவு பண்ணியது.

நாலு படம் வைத்திருக்கிறேன். ஃபோர்ட்கொச்சி கடற்கரையில் ஒரு ஜோடியை எடுத்தது. அத்தான் எடுத்தார்.

அக்கா,
முப்பிடாதி

*

கேம்ப்,
25.1.2008

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உடம்பு நலம். மனசைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

படம் நாலும் கிடைத்தன. கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கின்றன. மோட்டார் விஷயத்தில் நான் மடையன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. சமதரையில் லெவல் கருவியை வைத்துப் பார்த்தால், தூரத்து அடிவானக் கோடு எல்லாருடைய உடம்பிலும் ஒரே உயரத்தில்தான் வெட்டும். கருவியின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம். பக்கத்தில் நிற்பவன், தள்ளி நிற்பவன், எல்லாருக்கும் அதே. கேமராவும் அப்படித்தான்.

நான் சவுதிக்குப் புறப்பட்ட அன்று அத்தான் என்னை அதே கடற்கரையில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாரே, அது என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் கடல் கோடு என் தலைக்கு மேலே ஓடுகிறது. அத்தான் ஆறடி. செருப்பு வார் போடக்கூடக் குனியாத மனுஷன், நீதானே போட்டுவிடுவாய்.

இந்த நாலு படத்திலும் கடல் கோடு மாப்பிள்ளையின் தோளில் வெட்டுகிறது. நாலிலும். தரையிலிருந்து நாலரை அடி. அது உன் கண் உயரம் அக்கா.

இவற்றை எடுத்தது நீ. நீ எடுத்தாய் என்பதில் எனக்குப் பெருமைதான். அதை ஏன் மறைத்தாய் என்பதுதான் தெரியவில்லை. அத்தான் எங்கே?

நான் நினைப்பது தப்பென்றால் நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு.

தம்பி,
இசக்கிமுத்து

*

கேம்ப்,
7.3.2008

அக்கா,

ஆறு வாரமாகிறது, பதில் இல்லை. தபால் பை வரும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். சிஜு திரும்பி வந்துவிட்டான். அவனைக் குடைந்து பார்த்தேன். "சேச்சிட சாயா நல்ல சாயா, வேறொண்ணும் எனக்கறியாது" என்கிறான்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திட்டவாவது எழுது.

இசக்கி

*

உ

மட்டாஞ்சேரி,
21.3.2008

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன், உடம்புக்கும் ஒன்றுமில்லை. உன்னை நாற்பது நாள் தவிக்கவிட்டதற்கு மன்னித்துக்கொள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீ அதைக் கோடு போட்டு அளந்துவிட்டாய். இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் எழுதி, லென்ஸ் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் படித்தால் எல்லாம் தெரியும். இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதில் எழுதாதது ஒன்று உண்டு. ஃபோகஸ் பழக ஒரு ஆள் எதிரே நிற்க வேண்டும். ஆடு நிற்கவில்லை. அம்பிளியைக் கூப்பிட்டால் சேட்டன் எவிட என்பாள். கடைசியில் அவர் விட்டுப்போன மழைக்கோட்டை நாற்காலியில் மாட்டி, மேல் பொத்தானைப் பார்த்துப் பழகினேன். இரண்டு மாதம். தினமும் வேலை முடிந்து வந்து, கோட்டை நாற்காலியில் சரியாக உட்கார்த்தி, பொத்தான் தெளிகிறவரை வளையத்தைத் திருப்புவேன். சில நாள் பச்சைப் புள்ளி எரியும், ஆனால் எனக்குத் தெளியாது. கண்ணில் தண்ணீர் இருந்தால் லென்ஸ் என்ன செய்யும்?

ஜனவரியில் ஒருநாள் இடப்பள்ளிக்குப் போனேன். ஸ்டூடியோ எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவர் ஷட்டரைத் தூக்கினார். அந்தப் பெண் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள், சிரித்தார். உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வந்ததும் மழைக்கோட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு சுவரில் தொங்குகிற காலண்டர்மேல் பழகுகிறேன்.

இப்போது உன் கல்யாணம். நான் யோசித்து வைத்திருக்கிறேன். படம் நான் எடுக்கிறேன். கேமரா பின்னால் நிற்கிறவளை யாரும் பார்க்க மாட்டார்கள். முடிச்சைப் பெரியம்மா மகள் வீரலட்சுமி போடட்டும், அவள் புருஷன் தாம்பாளம் பிடிக்கட்டும். படம் எடுக்க வேண்டியிருந்தது, அதனால் அக்கா போடவில்லை என்று சொல்லிவிடலாம். உன் அத்தானுக்குக் காய்ச்சல் என்போம். தாலி ஏறின பிறகு யாருக்கு எது தெரிந்தால் என்ன? அதுவரை சங்கரிக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

இதை எனக்காகச் செய்.

அக்கா,
முப்பிடாதி

*

கேம்ப்,
25.4.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிஜுதான் அதட்டி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தான்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. சங்கரியிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் செல்லதுரை மாமாவிடமும் நானே சொன்னேன். ஒளித்துவைத்து ஆரம்பிக்கிற வீட்டில் நாளைக்கு எது ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பெண் தேடிக்கொண்டே இருப்பாள்.

மாமா, "ஊர் வாய மூட உலைமூடி உண்டா மாப்ள? யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிவரை அந்த ஏழு நாளும் நான் அளந்த லெவல் எல்லாம் தப்பு. இன்ஜினியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போன் செய்தேன். மாமா, "ஒங்க அக்கா தாராளமா வரட்டும். முடிச்சு மட்டும் வேற யாராச்சும்…" என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து சங்கரி குரல் கேட்டது. "எங் கழுத்துல ஏறுத முடிச்சுப்பா. யாரு போடணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீயளா? விட்டுட்டுப் போனது அவுக இல்லியே." பத்து நாள் கழித்து மாமா அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்துவிட்டதாக அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அதுதான் அவருடைய சம்மதம்.

அம்மாவுக்கும் தெரியும். ஒருநாள் முழுக்க அழுதாள். உன்னைத் தென்காசிக்கே கூட்டிவந்துவிடலாம் என்கிறாள். அது அக்கா இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

படம் நீதான் எடுக்க வேண்டும். முடிச்சும் நீதான் போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்பது உன் பாடு. மோட்டார் இல்லாத கேமராவையே சமாளித்தவள் நீ. தாம்பாளம் பிடிக்க யாரையும் நிறுத்தவில்லை. வீரலட்சுமி புருஷனை நிறுத்தலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். பக்கத்தில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்துவிடலாம்.

இனிமேல் போனை எடு.

தம்பி,
இசக்கிமுத்து

*

உ

மட்டாஞ்சேரி,
29.6.2008

அன்புள்ள தம்பிக்கும் சங்கரிக்கும்,

அக்காவின் ஆசி. இரண்டு பேரும் தென்காசியில் நலமாக, சண்டையும் சமாதானமுமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா கட்டித்தந்த புளியோதரை எர்ணாகுளம் வரைக்கும் தாங்கியது. அங்கேயே இருந்துவிடு என்று அவள் கையைப் பிடித்தபோது எனக்கும் மனசு ஆட்டம் கண்டது, பொய் சொல்வானேன். ஆனால் பன்னிரண்டாம் தேதி இங்கே ஒரு பெயர் வைக்கிற வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி வந்த முதல் வேலை. அத்தான் பெயரைச் சொல்லி வந்ததல்ல. விட மனசில்லை.

வீடு போட்டது போட்டபடி கிடந்தது. கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்தேன். அம்பிளி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "அறியும் சேச்சி, எப்பவோ அறியும்" என்றாள். அப்படியென்றால் தினமும் ஏன் கேட்டாய் என்றேன். "சேச்சி என்னோடு சொல்லும்னு காத்திருந்நேன்" என்றாள். ஒரு வருடமாக அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்திருக்கிறாள் பாரேன்.

ஆல்பம் தயார். இதோடு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் சங்கரி சிரிக்கிறாள், நீ முழிக்கிறாய். நான் ஒன்றும் செய்ய முடியாது, உள்ளதுதான் வரும்.

முடிச்சுப் படத்தைப் பற்றி நீ போனில் கேட்டாய். எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மேடை காலியாக இருந்தபோது, சங்கரிக்குப் பின்னால் நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கை வைத்தேன். எதிரே வந்து அதன் திரியில் ஃபோகஸ் வைத்தேன். காலடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். விளக்கை எடுத்துவிட்டு, உன் கல்யாணத்துக்கென்றே மறுபடி லீவு போட்டு வந்திருந்த சிஜுவைக் கூப்பிட்டு, "இந்தக் கோட்டில் நின்று, நான் காட்டினபடியே பிடித்து அமுக்கு, வளையத்தைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன்" என்றேன். "தொடமாட்டேன் சேச்சி, பேடியா இருக்கு" என்று பயந்தான் பாவம்.

தானே ஃபோகஸ் ஆகிற கேமராவாக இருந்தால், கடைசி நிமிடத்தில் குறுக்கே தலையை நீட்டின செல்லதுரை மாமாவின் வழுக்கையில் போய் நின்றிருக்கும். இது வைத்த இடத்திலேயே நின்றது. மாமா ஓரத்தில் மங்கலாக இருக்கிறார். உன் மடத்தனத்தால் விளைந்த நன்மை இது ஒன்றுதான், எழுதி வைத்துக்கொள்.

படத்தில் என்னை நானே பார்த்தேன், தம்பி. ஒன்பது வருடமாக லைட் பிடித்தவளுக்குப் படம் ஏது? காதோரம் நரைத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறேன். சங்கரி தலையைக் குனிந்து, எனக்கு எட்டுகிற மாதிரி கொஞ்சம் உடம்பைத் தாழ்த்தியிருக்கிறாள். அதைக் கல்யாணத்தன்று நான் கவனிக்கவே இல்லை. இந்தப் படத்தில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு நன்றாக அழுதேன், சங்கரி. நல்ல அழுகைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. என் இடது பக்கம் முக்காலிமேல் தாம்பாளம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வெறுமனே கிடக்கிறது. சிஜுவைக் குற்றம் சொல்ல முடியாது, கோடு போட்டு ஃபிரேம் வைத்தது நான்தான். இரண்டு பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். விளக்கை வைத்துப் பார்க்கும்போது எனக்கே தெரியாமல், அவ்வளவு உயரத்துக்கு, ஆறடிக்கு.

பிரிண்ட் போடுகிற கடையில், "சைடு கட் செய்யட்டே சேச்சி, வெறுதே கிடக்குது" என்று கேட்டார்கள். கையிலிருந்த லென்ஸைத் துடைத்து டப்பாவில் வைத்தேன்.

வெட்ட வேண்டாம், எடுத்தபடியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அக்கா,
முப்பிடாதி